ருசி பார்க்க வந்த கால் அம்மா

பொய்யாகப் பலமுறையும் மெய்யாக ஒரே ஒருமுறையும் செத்துப்போன என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "செத்தவன்கிட்ட என்னடி நலம்?" என்று நீங்கள் சொல்வது இங்கே வரைக்கும் கேட்கும். நாங்கள் நலம். மழை நலம். அட்டைகள் எங்களைவிட நலம். இந்த வருஷம் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனத்துக்கு இருக்கிறது. நம் தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகளில் நன்றாகச் சாப்பிட்டு வளர்வது அவை மட்டும்தான்.

இந்தக் கடிதம் நம் எல்.பி. ஸ்கூல் ஆண்டு மலரில் வரப்போகிறது. கிரிஜா டீச்சர்தான் கேட்டார். "நீ பழய ஸ்டூடன்ட் அல்லே ஜினி? ரெண்டு பேஜ் எழுதித் தா. குஸ்ருதி வேண்டா, கேட்டோ" என்றார். குஸ்ருதி என்றால் சேட்டை என்று எனக்குத் தெரியும். வேண்டா என்பதற்குத்தான் இதுவரை அர்த்தம் விளங்கவில்லை.

ஆனாலும் பயமில்லை. டீச்சர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இந்தப் பத்திக்கு வந்து சேர்வதற்குள் மலர் அச்சாகி, ஆண்டுவிழா முடிந்து, பந்தலையும் பிரித்திருப்பார்கள்.

முதலில் பள்ளிக்கூடச் செய்தி. எல்.பி. என்றால் லோயர் பிரைமரி அல்ல, லேட் பஸ் என்று நீங்கள் விரித்துச் சொன்னது இன்றைக்கும் பொய்யாகவில்லை. டீச்சர்மார் எல்லாரும் விதுராவிலிருந்து வரும் முதல் பஸ்ஸில்தான் வருகிறார்கள். வளைவில் காட்டுப்போத்து, அதாவது காட்டெருமை, நின்றால் பஸ்ஸும் நிற்கும். அன்றைக்கு முதல் பீரியட் காட்டுப்போத்துக்கு.

ஸ்மார்ட் கிளாஸ் என்று பெரிய டி.வி. ஒன்று வந்திருக்கிறது. படம் ஓடும்போது குரங்குகள் ஜன்னல் கம்பிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து பார்க்கின்றன. உள்ளே இருக்கிறவர்களைவிட ஒழுங்கு. ஒன்றாம் வகுப்பில் இந்த வருஷம் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர். சேர்ந்த அன்றைக்குத் தலையில் பள்ளியில் கொடுத்த காகிதத் தொப்பியும் கையில் பலூனுமாக, என்ன சொன்னாலும் முழித்தார்கள். ஒரே மாதத்தில், "டீச்சரே, இவன் என்னக் கிள்ளிட்டான்" என்று தெளிவான தமிழில் புகார் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் என்றால் அதுதானே. முதலில் புகார், அப்புறம்தான் அ, ஆ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, மலர் வாசிக்கும் மற்றவர்களுக்காக. பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்கு ஜீப் ட்ரிப் இல்லை, அவசரமும் இல்லை.

நம் பள்ளியில் மத்தியானச் சோற்றைப் பிள்ளைகளுக்குப் போடும் முன்னால், ஒரு பிள்ளையின் அம்மா வந்து ருசி பார்த்து "சரி" சொல்ல வேண்டும். ஹாஜர் புத்தகத்து வரிசைப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அன்று பெரிய கௌரவம். அம்மா வாசலில் தெரிந்ததும் வரிசையை விட்டு ஓடி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சமையல்கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும்.

நம் அம்மா கொழுந்து கிள்ளுவதை விட்டு வந்தால் அரைநாள் வேலை போய்விடும். நீங்களோ ஜீப் ஓட்டுகிறவர், உச்சி நேரத்தில் ட்ரிப் கிடையாது. நான் ரெண்டாம் வகுப்பில் இருந்தபோது என் முறைக்கு நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். சமையல் செய்யும் தங்கம் சேச்சி கரண்டியை நீட்டாமல் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "தேவராஜே, இது அம்மமார்க்கு உள்ள முற ஆணு" என்றார்.

"நானும் பாதி அம்மாதான் டீச்சர். காலைல இவளுக்கு ரெட்டச் சடை போடுறது யாருன்னு கேளுங்க."

எல்லாரும் என் சடையைப் பார்த்தார்கள். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. ஆம்பளை போட்ட சடைதான் என்று தெளிவாகத் தெரிந்தது. டீச்சர், "ஹ்ம்" என்றார். அவர்தான் பள்ளிக்கு ஹெச்.எம்.; அதை எழுத்துக்கூட்டினால் அதுதான் வரும். அவர் பேச்சில் பாதியும் அதுதான்.

நீங்கள் சாம்பாரைக் கையில் வாங்கி நக்கினீர்கள். நம் பள்ளிச் சாம்பாரில் காயைத் தேடினால் "சும்மா பார்" என்றுதான் இருக்கும், அது வேறு விஷயம். நக்கியதும் இடது கையை நெஞ்சில் வைத்தீர்கள். கண் மேலே செருகியது. தூணில் சாய்ந்து, அப்படியே வழுகி, வராந்தாவில் நீட்டி விழுந்தீர்கள். தங்கம் சேச்சி, "ஐயோ, நான் ஒண்ணும் போடலயே" என்று அலறினார். டீச்சர் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்து உங்கள் முகத்தைப் பார்த்தார். மீசை ஆடுவதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தேவராஜே, எணீக்கு. இது ஸ்கூலாணு, நாடகக் கொட்டக அல்ல."

எழுந்திரு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "மூணு நாளெல்லாம் காத்திருக்க முடியாது டீச்சர். சோறு ஆறிப்போகும்."

மூணு நாள் என்றது இயேசு உயிர்த்தெழுந்த கணக்கு. அன்றிலிருந்து இந்த நாடகம் வழக்கமாகிவிட்டது. நான் நாலாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும், பிறகு தம்பி ஜிபின் சேர்ந்த பின்னும், நம் முறை வரும்போதெல்லாம் நீங்கள் ருசி பார்த்தீர்கள், செத்தீர்கள், எழுந்தீர்கள். டீச்சர் ஒவ்வொரு தடவையும் அதே வசனத்தை, அதே கோபத்தோடு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்வார். உங்கள் முறை வரும் நாளில் மட்டும் மேசை வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்தத் தூணைத் தேர்ந்தெடுத்தீர்களா?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போகும் முன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஜிபின் மக்கில் தண்ணீர் மொண்டு தந்துகொண்டிருந்தான். இடது கையை நெஞ்சில் வைத்தீர்கள். ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து வழுகினீர்கள். நான் வெளியே வந்தபோது அவன் கையில் மக்கோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். இன்னும் ஒன்று மட்டும். மூன்றாம் நாள் காலையில் அவனே குளித்து, யூனிஃபார்ம் போட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தான். எதற்கு என்று அம்மா கேட்டாள். நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

பிறகு பள்ளி திறந்து, சோறு வெந்து, முறை சுற்றி வந்தது. அவன் பெயர் வந்த அன்று டீச்சர் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். மனசு நோகக்கூடாது என்றுதான். மறு சுற்றிலும் அப்படியே. ஜிபின் பள்ளியில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். தட்டில் வாங்குவான், பக்கத்தில் இருக்கிறவன் தட்டில் தள்ளிவிடுவான். முட்டை தரும் நாளில்கூட. தங்கம் சேச்சி கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு வேறொரு விதத்தில் தெரிந்தது. அவனுடைய பென்சில் டப்பாவில் ரப்பர் பல்லியைப் போட்டு வைத்திருந்தேன். திறந்தான், பார்த்தான், பல்லியை எடுத்து மேசையில் வைத்தான், பென்சிலை எடுத்துக்கொண்டான். டப்பாவை மூடினான். அப்பா, நான் பயந்துபோனேன். என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை என்பது ஒரு பக்கம். எட்டு வயதுப் பையன் பல்லிக்கும் சிரிக்கவில்லை, பல்லிக்கும் கத்தவில்லை என்றால் என்ன செய்வது?

"ஏண்டா சாப்பிட மாட்டேங்க?"

"என் பேரு வரல."

"வந்தா யாரு போவா?"

"தெரியாது. ஆனா வரலல்லா."

அம்மாவிடம் நீ போயேன் என்றேன். வேலை போனால் போகட்டும் என்று அவளே தயாராகத்தான் இருந்தாள். ஆனால் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் அங்க போய் நின்னா அழுதுருவேன் ஜினி. சோத்துல கண்ணீர் விழுந்தா உப்பு கூடிரும். தங்கம் பாவம்லா, அவளுக்குக் கெட்ட பேரு." உங்களோடு குடும்பம் நடத்தி அவளும் கெட்டுப்போனாள். அழும்போதும் ஒரு நகைச்சுவை.

ஆக, நான். நான் படிக்கும் விதுரா பள்ளியில் பிளஸ் டூக்காரர்களுக்குப் பரீட்சை, எங்களுக்கு லீவு. காலையிலேயே டீச்சரிடம் போய் நின்றேன். இன்றைக்கு ஜிபின் பெயர் வருகிறது, வாசிக்க வேண்டும், நான் வந்திருக்கிறேன் என்றேன்.

"நீ அம்ம அல்லல்லோ, மோளே."

"டீச்சர், அப்பா பாதி அம்மா. அதுல நான் பாதி. கால் அம்மாவாவது தேறும்."

"ஹ்ம்," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு இல்லாத கண்ணாடி. பிறகு குரலை இறக்கி, "வீழல்லே, கேட்டோ. அவன் தாங்கமாட்டான்" என்றார். கடைசி இரண்டு வார்த்தைகளைத் தமிழில் சொன்னார்.

என் பிரச்சினையும் அதுதான். விழுவதா, வேண்டாமா? விழுந்தால், ஜிபின் மறுபடியும் ஜீப் பக்கத்தில் மக்கோடு நிற்பான். விழாவிட்டால், இனி அந்த வராந்தாவில் யாரும் விழப்போவதில்லை, விளையாட்டு முடிந்தது என்று நானே போய் அறிவித்த மாதிரி ஆகும். முந்தின நாள் சாயங்காலம் அவனிடமே கேட்டிருந்தேன். "விழணுமாடா?" அவன் ஷூவுக்குள் உப்பு தூவிக்கொண்டிருந்தான், அட்டைக்கு. அடுத்த ஷூவை எடுத்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்கக்கூடாத கேள்விதான். நீங்களாக இருந்தால் விழுந்திருப்பீர்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் குழாயடியில் கை கழுவி, ஒருவர் சட்டையில் ஒருவர் கை துடைத்து, தட்டோடு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். நல்ல மழை, தகரக் கூரை இரைந்துகொண்டிருந்தது. டீச்சர், "ஜிபின் டி." என்று வாசித்தார். வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜிபின் மட்டும் தட்டைப் பார்த்தான்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மரியாதையாகக் கேட்டான்: "அக்கா, நீங்களும் சாவியளா?"

"சும்மா இருடே," என்றார் தங்கம் சேச்சி, குரலே இல்லாமல். கரண்டியை என்னிடம் நீட்டினார். சோறு, சாம்பார், பயறு தோரன் என்கிற பொரியல். வாயில் போட்டேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. தோரனில் தேங்காய்கூட இருந்தது. இடது கையை நெஞ்சுக்குக் கொண்டு போனேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. முட்டி மடங்கவில்லை. சாக்பீஸில் பவுடர் கலந்தவள், பஸ்ஸில் கண்டக்டர் விசிலை ஒளித்து வைத்தவள், ஒரு வராந்தாவில் விழத் தெரியாமல் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றேன்.

"உப்பு சரியா இருக்கு," என்றேன். என் குரலா அது? ஏதோ ஆபீசர் குரல் மாதிரி இருந்தது.

ஒரு பிள்ளை மட்டும், "அவ்வளவுதானா?" என்றது.

அப்போது ஜிபின் வரிசையை விட்டு வந்தான். தட்டைத் தரையில் வைத்தான். "அக்கா, கரண்டி" என்று கை நீட்டினான். கொடுத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டு, உங்களை மாதிரியே கண்ணை மூடி மென்றான். இடது கை நெஞ்சுக்குப் போனது. வலது கையில் கரண்டியை உயரப் பிடித்துக்கொண்டான், சிந்தக்கூடாது என்று. நீங்கள் அப்படித்தான் பிடிப்பீர்கள் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூணில் சாய்ந்தான். வழுகினான். விழுந்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை, அப்பா. தங்கம் சேச்சி "கர்த்தாவே" என்று தலையில் கை வைத்தார். ஒன்றாம் வகுப்பில் ஒன்று அழுவதற்கு உதட்டைப் பிதுக்கியது. அவன் கிடந்தான். நீங்கள் கிடப்பதைவிட அதிக நேரம் கிடந்தான். மழைச் சத்தம் மட்டும். எழுந்திருடா, எழுந்திருடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், ஏன் எழவில்லை இவன்?

ஒரு கண்ணை மட்டும் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தான்.

அப்போதுதான் புரிந்தது. அவன் காத்துக்கொண்டு கிடக்கிறான். டீச்சர் தன் வசனத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் எப்படி எழ முடியும்?

டீச்சருக்கும் புரிந்துவிட்டது. கையில் இருந்த ஹாஜர் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார், வரவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு அந்தப் பழைய கோபத்தை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"தேவராஜின்டெ மகனே, எணீக்கு. இது... இது ஸ்கூலாணு. நாடகக் கொட்டக அல்ல."

அவன் எழுந்தான். சட்டையைத் தட்டினான். "மூணு நாளெல்லாம் காத்திருக்க முடியாது டீச்சர். சோறு ஆறிப்போகும்."

அப்பா, அந்தச் சத்தம். மொத்தப் பள்ளிக்கூடமும் தட்டில் தாளம் போட்டது. ஜார்க்கண்ட்காரர்களுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அவர்கள்தான். குரங்குகள் பலாமரத்துக்கு ஓடிவிட்டன. தங்கம் சேச்சி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே அவனுக்கு முதல் தட்டுப் போட்டார். அவன் சாப்பிட்டான். மறுபடியும் வரிசையில் போய் நின்று இன்னொரு தட்டு வாங்கினான். பக்கத்தில் இருந்தவன் பழக்கதோஷத்தில் தன் தட்டை நீட்டினான். "போடே, இது எனக்கு" என்றான் ஜிபின்.

சாயங்காலம் ஒரே குடையில் நடந்து வந்தோம். தேயிலைக்கு நடுவே வரும்போது அவன் சொன்னான்:

"அன்னிக்கு ஜீப்புக்கிட்ட யாருமே எணீக்குன்னு சொல்லல அக்கா. நானும் சொல்லல. சிரிச்சுக்கிட்டே நின்னேன்."

இத்தனை மாதமாக இதையா சுமந்துகொண்டு திரிந்தான்? எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு, பேச்சு வரவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை நடக்காது.

"சொல்லியிருந்தாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்," என்றான். "இன்னிக்குக் கீழ கிடக்கப்போதான் தெரிஞ்சுது. பொய்க்குச் செத்தா மூச்சு வந்துகிட்டே இருக்கு. அடக்கிப் பாத்தேன், முடியல. வயிறு தானா ஏறி இறங்குது. அப்பாவுக்கு அன்னிக்கு வயிறு அசையவே இல்ல. நான் பாத்தேன். அது வேற." கொஞ்ச தூரம் போனபின், "டீச்சர் வந்து சொல்லியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க, இல்லியா?" என்றான்.

"மாட்டாங்கடா."

"சரி," என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு குடையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ரொம்ப சந்தோஷமாக நனைந்தேன் என்று எழுதினால் இந்த மலரில் நம்புவார்களா?

வீட்டில் அம்மாவுக்கு நடித்துக் காட்டினான். அம்மா முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வயிறு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "எந்திரிடா, தர குளிருது" என்று சொல்லிச் சிரித்தாள். வசனம் தப்பு. அவன் எழ மறுத்துவிட்டான். டீச்சர் சொல்வது போலவே மலையாளத்தில் சொல்ல வைத்த பிறகுதான் எழுந்தான்.

இதையெல்லாம் எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பதிலுக்கு என் ரப்பர் பல்லியை எடுத்துக்கொண்டான். நேற்று அது என் டிபன் பாக்ஸில், எலுமிச்சைச் சோற்றுக்கு நடுவே இருந்தது. விதுரா பள்ளியே கூடிவிட்டது, நான் போட்ட கத்தலில். நல்ல கை, அப்பா. உங்கள் கை.

அடுத்த வருஷம் அவன் நாலாம் வகுப்பு. அதன்பின் அவனும் பஸ் ஏறி விதுரா போகிறவன். அதுவரைக்கும் நம் முறை வரும் நாளில் நான் அந்த வராந்தாவில் இருப்பேன். லீவு இல்லாவிட்டாலும் இருப்பேன், என் பிரின்சிபல் இந்த மலரை வாசிக்காமல் இருக்கக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். நான் விழ மாட்டேன். எனக்கு அது வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். விழுகிறவன் விழட்டும். டீச்சருக்கு என்றைக்காவது தொண்டை அடைத்தால், எணீக்கு என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டாமா? அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, எங்கே விழுந்தாலும், அம்மா விழுந்தாலும் சரி. இது சத்தியம். சேட்டைக்காரி சத்தியம் என்று சிரிக்காதீர்கள். மீசை ஆடுவது தெரிகிறது.

உங்கள் மூத்த மகளும்,
நம் ஜிபினுக்குக் கால் அம்மாவுமான
ஜினி